அடுக்குமாடித் திட்டத்தைத் தெரு சேர்ந்து எதிர்ப்பது எப்படி: புல எண்ணிலிருந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை

காலி மனையைச் சுற்றித் தகரத் தடுப்பு எழும்புகிறது. சில நாளில் மண் லாரிகள் வருகின்றன. தெருவில் பலரும் சொல்வது: "கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பாங்க, அப்ப பேசிக்கலாம்."

அந்தக் கூட்டம் வராது. 2006 செப்டம்பர் 14-இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புகளுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கூட்டம் நடக்கும். உங்கள் தெருமுனையில் வரப்போகும் 400 வீட்டு அடுக்குமாடிக்கு நடக்காது. சட்டம் உங்களைக் கூப்பிட்டுக் கேட்காது என்பதால், நீங்கள்தான் எழுத்தில் போய்க் கோப்புக்குள் உட்கார வேண்டும். அதுவும் அனுமதி கையெழுத்தாகும் முன்பே. அஸ்திவாரம் போட்ட பிறகு கூடும் ஆயிரம் பேரைவிட, கோப்பு மேசையில் இருக்கும்போது போய்ச்சேரும் ஆறு பக்க மனுவுக்கு வலு அதிகம்.

இந்த வழிகாட்டி சென்னையையும் புறநகரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இங்கே திட்ட அனுமதி தருவது சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். மற்ற மாவட்டங்களில் அதற்குப் பதிலாக நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) மாவட்ட அலுவலகம் இருக்கும். மற்றபடி பாதை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் வேலை: எதை எதிர்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வது

"பெரிய பில்டிங் வருதாம்" என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. நான்கு விவரங்கள் வேண்டும்: கிராமத்தின் பெயரோடு புல எண்கள் (சர்வே எண், உட்பிரிவு உட்பட), மனையின் பரப்பு, மொத்தக் கட்டுமானப் பரப்பு, விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது.

புல எண் தெரிந்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாக வரும். பக்கத்து மனைக்காரரின் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே எண் கிடைக்கும். அதைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். விற்பனை தொடங்கியிருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தையும் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீட்டுக்கு மேலோ கட்டி விற்கும் திட்டம் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுக்கு முன் விளம்பரம் செய்யவே கூடாது. ரெரா எண் இல்லாத விளம்பரத் தட்டியைக் கண்டால் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். அது தனிப் புகாருக்குப் போதுமானது.

அடுத்து, அளவுகள். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் பேசினால் அதிகாரி இரண்டே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயரமான கட்டடம். அதற்குக் கீழே உள்ளதற்குத் தளப்பரப்புக் குறியீடு (எஃப்எஸ்ஐ) 2, அதாவது மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம். உயரமான கட்டடத்துக்கு 3.25. சாலை குறைந்தது 12 மீட்டர் அகலம் இல்லாமல் உயரமான கட்டடத்துக்கு இடமில்லை, 3.25 முழுதாகக் கிடைக்க 18 மீட்டர் வேண்டும். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன் அனுமதியும் கட்டாயம். மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக (ஓஎஸ்ஆர்) உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்வோம்: 3 ஏக்கர் மனை, 400 வீடுகள். 3 ஏக்கர் என்பது 12,141 சதுர மீட்டர். எஃப்எஸ்ஐ 3.25 என்றால் சுமார் 39,450 சதுர மீட்டர் கட்டலாம். ஆகவே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், ஓஎஸ்ஆர் நிலமாகவே தரப்பட வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தந்திரம் ஒன்று உண்டு. ஒரே நிலத்தை 'பகுதி 1', 'பகுதி 2' என்று பிரித்து, ஒவ்வொன்றையும் 20,000-க்குச் சற்றுக் கீழே காட்டுவார்கள். 19,800, 19,600 போன்ற எண்களைப் பார்த்தால் உடனே ஒட்டிய புல எண்களின் வில்லங்கத்தையும் எடுங்கள். உரிமையாளர் ஒருவர், உள்சாலை ஒன்று, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று என்றால் அது ஒரே திட்டம்தான். அதை அப்படியே ஆட்சேபணையில் எழுதுங்கள்.

நிலத்தின் பழைய கணக்கைத் தோண்டுங்கள்

மற்ற எல்லா வாதத்தையும் விட இது வலுவானது, செலவும் குறைவு. தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு), புல வரைபடம் (எஃப்எம்பி) கிடைக்கும். திட்ட மனைக்கு மட்டும் எடுத்து நிறுத்தாதீர்கள். அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு புல எண்ணுக்கும் எடுங்கள். வாய்க்கால் பெரும்பாலும் பக்கத்து எண்ணில்தான் இருக்கும்.

அ-பதிவேட்டில் வகைப்பாட்டையும் குறிப்புக் கட்டத்தையும் படிக்க வேண்டும். 'ஏரி', 'குளம்', 'ஓடை', 'வாய்க்கால்', 'கழுவெளி', 'மேய்க்கால்', 'வண்டிப்பாதை' என்று எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். புல வரைபடத்தில் வாய்க்காலுக்குத் தனி உட்பிரிவு எண் இருக்கும். நீளமாக, ஒல்லியாக, இரண்டு பெரிய புலங்களுக்கு நடுவே போகும். அந்த வரைபடத்தின் அளவைக் களத்தில் வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் 6 மீட்டர் அகலத்தில் ஓடும் வாய்க்கால் நேரில் ஒரு சிமெண்ட் குழாயாகச் சுருங்கியிருந்தால், அதுவே உங்கள் முதல் ஆட்சேபணை.

1980-களில் நடந்த யுடிஆர் நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பல இடங்களில் வகைப்பாடு மாறியிருக்கிறது. இன்றைய பட்டா சுத்தமாகத் தெரிந்தாலும், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்டப் பதிவறையிலோ கேட்டு வாங்குங்கள். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் அருகருகே வைத்து இணைக்க வேண்டும். குளம், குட்டை போன்ற பொது நீர்நிலைகளை வீட்டு மனையாக ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் சொன்னது. பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்றச் சொல்லி 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆவணம் கையில் இருந்தால்தான் இந்தத் தீர்ப்புகள் உங்களுக்கு உதவும்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டிலும் மழைக்காலத்துக்குப் பிந்தைய படத்தைத் தேடி, தேதி தெரியும்படி அச்செடுங்கள். கோடைகாலப் படத்தைக் காட்டி 'தரிசு நிலம்' என்று வாதிடுவது எதிர்த்தரப்பின் வழக்கம்.

சென்னை என்றால் 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் அந்தப் புல எண்ணின் நிலப் பயன்பாட்டையும் பாருங்கள். விவசாயப் பகுதி, திறந்தவெளி, செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து நிலத்தடி நீர் செறிவூட்டல் பகுதி என்றெல்லாம் பிரிவுகள் உண்டு. நிலப் பயன்பாட்டை மாற்றித்தான் கட்ட முடியும் என்றால் செய்தித்தாளில் அறிவிப்பு வந்தாக வேண்டும். உங்கள் குரலைச் சட்டம் கேட்டு வாங்கும் வாய்ப்பு அந்த ஒன்றுதான். அறிவிப்பு சின்ன எழுத்தில் உள்பக்கத்தில் வரும். தினமும் பார்க்க ஒருவரை நியமியுங்கள். அதில் குறித்த கடைசி நாளுக்குப் பிறகு போகும் கடிதத்துக்கு மதிப்பில்லை.

பள்ளிக்கரணைக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சதுப்புநிலத்தின் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தலமாக (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது. 2025-இல், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும், பாதிப்புப் பகுதி எதுவென்று ஆய்ந்து முடிக்கும்வரை கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் புல எண் அதற்குள் வருகிறதா என்பதை முதலில் சரிபாருங்கள்.

எதைச் சொல்லக் கூடாது

"காற்று வராது", "வீட்டு விலை இறங்கிடும்", "எங்க மொட்டை மாடி தெரியும்" என்பவை கோப்பில் எடுபடாது. பக்கவாட்டு இடைவெளி விதியை மீறியிருந்தால் மட்டும் அந்த விதியைச் சுட்டி எழுதுங்கள்.

"எப்படிப்பட்டவங்க வருவாங்களோ" என்ற பேச்சு கூட்டத்தில் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வருகிறவர்கள் ஏழைகளா, வெளியூர்க்காரர்களா, என்ன சாதி, என்ன மதம், வாடகைக்கு இருப்பவர்களா என்பது ஆட்சேபணையே அல்ல. அது தவறு. அதோடு உங்கள் நியாயமான புகார் முழுவதையும் அது கெடுத்துவிடும். ஒரு வாட்ஸ்அப் செய்தியின் படம் நீதிமன்றத்தில் தாக்கலானால் ஏரியைப் பற்றிய இருபது பக்க ஆதாரமும் வெறுப்பின் முகமூடியாகத் தெரியும். ஊருக்கு வீடு வேண்டும். இந்த நிலம், இந்தச் சாலை, இந்த வடிகால் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி.

களத்தில் அளப்பது

சாலை. 30 மீட்டர் டேப், இரண்டு பேர், ஒரு நோட்டு. பிரதான சாலைச் சந்திப்பிலிருந்து மனை வாசல் வரை 20 மீட்டருக்கு ஓர் இடமாக, காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு அளந்து, அருகிலுள்ள கதவு எண்ணோடு எழுதுங்கள். தார் அகலத்தை மட்டும் அளந்தால் கணக்குத் தவறிவிடும். விதி பார்ப்பது சாலையின் முழு அகலத்தை. டேப்பின் எண் தெரியப் படம் எடுங்கள். மனைக்கு முன்னால் மட்டும் நிலம் விட்டு 18 மீட்டர் காட்டிவிட்டு, சந்திப்பில் 9 மீட்டராக ஒடுங்கும் சாலைகள் புறநகரில் நிறைய உண்டு. விதி கேட்கும் அகலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

வெள்ளம். இதில் நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். சுவரில் கறை இருந்தால் சாலை மட்டத்திலிருந்து அளவெடுங்கள். அட்டவணைக்கு ஐந்து கட்டம் போதும்: கதவு எண், ஆண்டு, உயரம் (செ.மீ.), நின்ற நாட்கள், கையெழுத்து. பிறகு கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்து, சாலையைவிட மனை எவ்வளவு பள்ளம் என்று பாருங்கள். அரை நாள் கூலியில் முடியும்.

இது ஏன் முக்கியம்? தாழ்வான மனைக்கு நீர்வளத்துறை தடையின்மைச் சான்று கொடுக்கும்போது 'மனையை இவ்வளவு உயர்த்த வேண்டும்' என்று நிபந்தனை போடுவது வழக்கம். கட்டடத்துக்கு அது பாதுகாப்பு. தெருவுக்கு அதுதான் ஆபத்து. நம் உதாரண மனையில் 60 செ.மீ. தண்ணீர் நிற்கும் என்று வையுங்கள். 12,141 சதுர மீட்டரை 0.6-ஆல் பெருக்கினால் 7,284 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 72.8 லட்சம் லிட்டர். மண் கொட்டி மேடாக்கிவிட்டால் அவ்வளவு தண்ணீரும் பக்கத்து வீடுகளைத் தேடி வரும். தடையின்மைச் சான்றின் நகலை வாங்கி, 'இந்த நீர் எங்கே போகும் என்ற கணக்கு சான்றில் உண்டா?' என்று கேளுங்கள். பல சான்றுகளில் மனைக்குள் விழும் மழைக்கு மட்டும்தான் கணக்கு இருக்கும். மேலிருந்து வந்து மனை வழியாகக் கடந்துபோகும் நீருக்கு இருக்காது.

குடிநீரும் கழிவுநீரும். 400 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர்: 2,70,000 லிட்டர். கழிப்பறைக்குச் சுத்திகரித்த நீர் போகும், புதுநீர் 90 லிட்டர்தான் என்று சொல்வார்கள். சரி, அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்: 1,80,000 லிட்டர். குடிநீர் வாரிய இணைப்பு வரும்வரை 12,000 லிட்டர் லாரி தினம் 15 வர வேண்டும், அல்லது அங்கேயே போர் போட வேண்டும். கழிவுநீர் 80 சதவீதம் என்றால் 2,16,000 லிட்டர். அதில் கழிப்பறைக்கு 90,000 திரும்பிப் போனாலும் 1,26,000 லிட்டர் மீதி. தோட்டத்துக்கு ஊற்றியது போக மிச்சம் எங்கே போகும்? பாதாளச் சாக்கடை இல்லாத பகுதியில் அது மழைநீர் வடிகால் வழியாக ஏரிக்குத்தான் போய்ச் சேரும். அறிக்கையில் இந்த ஒரு வரியைத் தேடுங்கள்.

போக்குவரத்துக்கு ஒரு சாதாரண வார நாளில் காலை 8 முதல் 10 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு முறை வாகனங்களை எண்ணினால் போதும். திங்கட்கிழமையும் பள்ளி விடுமுறையும் வேண்டாம். ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத வளைவு இருந்தால் அதைத் தனியே படம் எடுங்கள்.

மண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். 2014 ஜூன் 28-இல் போரூர் ஏரிக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அனுமதி பெற்ற கட்டடம்தான் அது.

தெருவைச் சேர்ப்பது

முதலில் எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழு போதும். ஆவணம் தேட ஒருவர், அளவெடுக்க இருவர், வீடு வீடாகப் போக நான்கு பேர், கணக்குக்கு ஒருவர், அலுவலகங்களுக்குப் போய்வர ஒருவர். கடைசி வேலைக்கு ஓய்வுபெற்ற அரசு ஊழியர் யாராவது கிடைத்தால் பெரிய பலம். எந்த மேசைக்கு எப்போது போக வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வீடு வீடாகப் போகும்போது ஒரே ஒரு தாள் எடுத்துப் போங்கள். மேலே புல வரைபடம், கீழே மூன்று உண்மைகள், அடியில் கூட்ட நாள். "என்ன பண்ணலாம்னு சொல்லுங்க"வோடு நிற்காமல், "2015-ல உங்க வீட்ல தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு எழுதித் தருவீங்களா?" என்று கேளுங்கள். சின்ன வேலை ஒன்றைச் செய்து கொடுத்தவர் அடுத்த கூட்டத்துக்கும் வருவார். வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், வெள்ளத்தை முதலில் பார்த்தவர்களும் அவர்களே. முதல் கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு, முக்கால் மணி நேரத்துக்குள். வருகைப் பதிவேடும் தீர்மானமும் கையெழுத்தோடு இருக்கட்டும்.

குடியிருப்போர் நலச் சங்கம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அதன் பெயரில் போங்கள், ஆனால் செயற்குழுத் தீர்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யாமல் கிடக்கும் சங்கத்தின் பெயரில் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். பதிவு தாமதமானால் காத்திருக்க வேண்டாம். தனிநபர்களாகவே மனு கொடுக்கலாம்.

ஒற்றுமை உடையும் இடங்கள் வழக்கமானவை. கோயிலுக்கு நன்கொடை, தெருவுக்கு சிசிடிவி, இரண்டு பேருக்கு மட்டும் தனியே அழைப்பு. "பில்டரை யாரும் தனியாகச் சந்திப்பதில்லை, மூவராகப் போய்க் குறிப்பெழுதி வருவோம்" என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். நிலத்தை ஒட்டி மனை வைத்திருப்பவர் விலை ஏறும் என்று திட்டத்தை ஆதரிக்கலாம். அவரைத் திட்டாதீர்கள், தெருவில் நாளைக்கும் அவர் இருப்பார்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குழு வையுங்கள். அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதட்டும், பேச்சுக்கு வேறொன்று. "லஞ்சம் வாங்கிட்டான்", "திருட்டு நிலம்" என்று எழுதியவர்மேல் அவதூறு வழக்கு வரும், அந்த வழக்கிலேயே இயக்கம் களைத்துவிடும். 'அ-பதிவேட்டில் வாய்க்கால் என்று இருக்கிறது. வரைபடத்தில் காட்டப்படவில்லை' என்பது அதைவிடக் கனமான வாக்கியம்.

தகவல் உரிமை மனு

10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தமிழிலேயே எழுதலாம், இணையவழியும் உண்டு. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

"ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: திட்ட அனுமதி விண்ணப்பமும் வரைபடமும், தள ஆய்வு அறிக்கை, நீர்வளத்துறை, தீயணைப்பு, போக்குவரத்துக் காவல், குடிநீர் வாரியத் தடையின்மைச் சான்றுகள், ஓஎஸ்ஆர் தானப் பத்திரம், கோப்பின் குறிப்புப் பக்கங்கள். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனி மனு போட வேண்டும். 'மூன்றாம் தரப்புத் தகவல்' என்று வரைபடத்தை மறுத்தால், பிரிவு 2(ஒ)-இல் உள்ள கோப்பை நேரில் பார்வையிடும் உரிமையைக் கேளுங்கள். மறுப்புக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் பதில் வரட்டும் என்று ஆட்சேபணையைத் தள்ளிப்போடாதீர்கள். 30 நாளில் அனுமதியே வந்துவிடலாம்.

ஆட்சேபணை மனு

ஒரு குறைக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் மூன்று இருக்க வேண்டும்: உண்மை, அதன் இணைப்பு எண், கேட்பது. இப்படி:

"2. திட்ட மனையின் மேற்கு எல்லையை ஒட்டிய புல எண் ___, அ-பதிவேட்டில் 'அரசு புறம்போக்கு – வாய்க்கால்' என உள்ளது (இணைப்பு 3). புல வரைபடத்தில் அதன் அகலம் ___ மீட்டர் (இணைப்பு 4). தற்போது களத்தில் ___ மீட்டர் மட்டுமே உள்ளது (இணைப்பு 5, படங்கள்). எனவே வட்டாட்சியரும் நில அளவரும் நீர்வளத்துறையினரும் எங்கள் முன்னிலையில் கூட்டாக அளந்து எல்லைக்கல் நடும்வரை திட்ட அனுமதி விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்."

ஆறு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இணைப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் பக்கத்திலேயே புல எண், கோப்பு எண், கிராமம். ஒரே வாசகத்தை முந்நூறு பேர் நகலெடுத்து அனுப்பினால் அதை ஒரே மனுவாகத்தான் எண்ணுவார்கள். சங்கத்தின் மனு ஒன்று, அதோடு நேரடிப் பாதிப்புள்ள இருபது வீட்டார் தத்தம் அளவுகளோடு எழுதிய தனி மனுக்கள் என்றால் பலன் அதிகம்.

சிஎம்டிஏ உறுப்பினர் செயலர், வீட்டுவசதித் துறைச் செயலர், மாவட்ட ஆட்சியர், நீர்வளத்துறைச் செயற்பொறியாளர், உள்ளாட்சி ஆணையர், எல்லோருக்கும் நகல். நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள், அல்லது ஸ்பீட் போஸ்டில் பெறுநர் ஒப்புகையோடு அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். இந்த ஒப்புகைகள் இல்லாமல் உயர் நீதிமன்றத்துக்குப் போனால் 'முதலில் மனு கொடுத்தீர்களா?' என்ற கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள்.

ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 10,000 பேருக்கு மேற்பட்ட ஊராட்சியில் குறைவெண் (கோரம்) 300 பேர். தீர்மானத்தில் புல எண் இடம்பெறட்டும். நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாநகராட்சி, நகராட்சிகளில் பகுதி சபைக் கூட்டம் இருக்கிறது. கவுன்சிலர், எம்எல்ஏ எந்தக் கட்சியானாலும் ஒரே மனுவைக் கொடுங்கள். மேடையை மட்டும் எந்தக் கட்சிக்கும் கொடுக்க வேண்டாம்.

சுற்றுச்சூழல் அனுமதிக் கட்டம்

20,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் விண்ணப்பம் பரிவேஷ் தளத்தில் (சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் இணையதளம்) ஏறும். படிவம் 1, 1ஏ, கருத்துரு வரைபடம் எல்லாம் அங்கே பார்க்கலாம். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு 60 நாளில் பரிசீலிக்க வேண்டும், ஆணையம் அதன்பின் 45 நாளில் முடிவெடுக்க வேண்டும். குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வெளியாகும். வாரம் இருமுறை தளத்தைப் பார்த்து, உங்கள் திட்டம் பட்டியலில் வந்த அன்றே குழுவுக்கும் ஆணையத்துக்கும் ஆட்சேபணையை அனுப்புங்கள். கூட்டத்தில் பேச இடம் கிடைக்காது என்றாலும், எழுத்தில் வந்ததைப் பரிசீலிக்கச் சொல்லிக் கேட்கலாம். பரிசீலிக்காமல் விட்டிருந்தால் பின்னால் மேல்முறையீட்டில் அதுவே ஒரு காரணமாகும்.

படிவத்தை வரி வரியாகப் படியுங்கள். 'அருகில் நீர்நிலை இல்லை' என்ற பதில், வேறு ஊர்த் திட்டத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி, கோடையில் மட்டும் பார்த்த நிலத்தடி நீர்மட்டம் ஆகியவைதான் அடிக்கடி அகப்படும். அனுமதிக்கு முன்பே பள்ளம் தோண்டினால் தேதியோடு படமெடுத்து அன்றைக்கே மின்னஞ்சல் செய்யுங்கள்.

அனுமதி வந்துவிட்டால்

நாட்கணக்கு இங்கே கண்டிப்பானது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதற்குப் பின் கதவு மூடிவிடும். அனுமதி பரிவேஷில் ஏறிய நாளையும் நாளிதழில் விளம்பரம் வந்த நாளையும் குறித்து வையுங்கள். தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இயங்குகிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் செலவுதான் பெரிது. அதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று முன்பே பிரித்து, தனி வங்கிக் கணக்கில், ரசீதோடு சேர்த்திருக்க வேண்டும். 

திட்ட அனுமதி, நிலப் பயன்பாடு, சாலை அகலம் போன்றவற்றுக்கு உயர் நீதிமன்ற ரிட் மனுதான் வழி. கட்டடம் பாதி எழும்பிய பிறகு போனால் 'இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?' என்பார்கள்.

எல்லாத் திட்டமும் நிற்காது. ஆவணத்தில் நீர்நிலை இல்லை, சாலை அகலம் சரியாக இருக்கிறது என்றால் 'கட்டவே கூடாது' என்பதைப் பிடித்துத் தொங்காமல் நிபந்தனைகளைக் கேளுங்கள். பெரும்பாலான தெருக்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது இதுதான், கிடைத்தால் பெரிய விஷயமும் கூட. வாய்க்காலை முழு அகலத்துக்கு மீட்டுத் திறந்த வடிகாலாக வைப்பது. மனை மட்டத்தை உயர்த்தும் முன் தெருவுக்கு மாற்று வடிகால். ஓஎஸ்ஆர் நிலம் காம்பவுண்டுக்குள் ஒளியாமல் பொதுச்சாலையை ஒட்டி இருப்பது (நம் உதாரணத்தில் ஏறத்தாழ 1,200 சதுர மீட்டர், ஒரு நல்ல பூங்காவுக்குப் போதும்). கனரக லாரிக்கு நேரக் கட்டுப்பாடு. பைலிங் தொடங்கும் முன் பக்கத்து வீடுகளின் விரிசல்களைப் படமெடுத்து இரு தரப்பும் கையெழுத்திடுவது. வாய்வார்த்தை வேண்டாம். அனுமதி ஆணையின் நிபந்தனையாகவே வர வேண்டும்.

வேலை தொடங்கிய பின் அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலோடு மாதம் ஒருமுறை வெளியிலிருந்தே ஒப்பிடுங்கள்: தளங்களின் எண்ணிக்கை, பக்கவாட்டு இடைவெளி, ஓஎஸ்ஆர் எல்லை. மீறல் தெரிந்தால் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், 56, 57 பிரிவுகளைச் சுட்டி, வேலையை நிறுத்தக் கேட்டு மனு கொடுங்கள். கட்டட நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு கிடைக்காது என்பதால், அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் நேரம் உங்களுக்கு இன்னொரு பிடி. சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அந்த இரண்டு தேதிகளையும் சங்கத்தின் நாட்காட்டியில் குறித்து, அறிக்கை வந்ததும் சுத்திகரிப்பு நிலையத்தின் மீதி நீர் எங்கே போகிறது என்ற வரியை முதலில் பாருங்கள்.